மறைத்த சிரிப்பு

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். காவிரி நீர் குழாய் வழியாக அவ்வூரை வந்து அடையாத காலம். உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடைபெறுகின்றது. ஆசிரியர் ஒரு சிறுமியை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொல்கின்றார். அவள் எழுகின்றாள், வலக்கையில் புத்தகத்தை ஏந்துகின்றாள், இடக்கையை உதட்டின்மேல் வைத்துக்கொள்கின்றாள். சொற்கள் விரல்களுக்கிடையே நசுங்கி வெளிப்படுகின்றன. "கையை எடுத்துவிட்டு உரக்கப் படி, அம்மா" என்கின்றார் ஆசிரியர். கை ஓர் அங்குலம் தாழ்கின்றது. குரல் அதனினும் தாழ்கின்றது. பின்வரிசையில் யாரோ சிரிக்கும் ஒலி கேட்கின்றது. அவள் அமர்ந்துவிடுகின்றாள்.

ஆசிரியர் நல்லவர். வீட்டில் பாடத்தைப் பார்த்து வராத பெண் என்று மட்டுமே அவர் எண்ணிக்கொண்டார். உண்மையோ வேறு. அப்பாடம் அவளுக்கு முழுதும் மனப்பாடம். அவளுடைய முன்பற்களில் பழுப்பு நிறக் கறை பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. அதனைப் பிறர் காணலாகாது என்பதே அவள் கவலை. 'பல் துலக்காதவள்' என்று தோழியருள் சிலர் அவளைப் பழித்தனர். அவள் காலையிலும் இரவிலும் தவறாது பல் துலக்குபவள். வேப்பங்குச்சியால் தேய்த்தாள்; பற்பொடியால் தேய்த்தாள்; ஒருநாள் யாரும் அறியாமல் செங்கற்பொடியாலும் தேய்த்து ஈற்றைப் புண்ணாக்கிக்கொண்டாள். கறை அசையவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார் எவரும் இலர். தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளில் அந்நாளில் இத்தகைய சிறுமியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பல பள்ளிகளில் காணலாம்.

அவளுடைய தம்பிக்கு வேறொரு துன்பம். அவனுக்கு ஏழு வயது. பகலெல்லாம் ஓடி ஆடுவான். இரவில் பாயில் படுத்ததும் கன்னத்தைப் பற்றிக்கொண்டு அழுவான். பகலில் இல்லாத வலி இரவில் எங்கிருந்து வருகின்றது என்று பாட்டி வியப்பாள். வியப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. படுத்த நிலையில் தலைப்பக்கம் குருதி மிகுதியாகப் பாய்கின்றது. சொத்தை துளைத்த பல்லின் உள்ளறை கடினமான சுவரால் சூழப்பட்டது, விரிந்து இடங்கொடாது. அங்கே அழுத்தம் ஏற ஏற நரம்பு துடிக்கின்றது. பகலில் ஆட்டத்தின் களிப்பு வலியைச் சிறிது மறக்கச் செய்யும். இரவில் வலியைத் தவிர வேறு துணை ஏது?

பாட்டி கிராம்பை நசுக்கிப் பல்லில் வைப்பாள். கிராம்பின் எண்ணெய் நரம்பைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். வலி தணியுமே ஒழியப் பல் தேறாது. விடியற்காலையில்தான் சிறுவனுக்கு உறக்கம் வரும். அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிடும். அவன் வகுப்பில் தூங்கி விழுந்தான். சோம்பேறி என்று பெயர் பெற்றான். கடலையையும் முறுக்கையும் ஒதுக்கினான். சோற்றையும் ஒருபுறமாகவே மென்று பாதியில் எழுந்தான். உணவில் அடம்பிடிப்பவன் என்று பெயர் பெற்றான். தொட்டதற்கெல்லாம் சினந்து விளையாட்டில் பிறரை அடித்தான்; முரடன் என்று பெயர் பெற்றான். சோம்பேறி, அடக்காரன், முரடன் என்னும் மூன்று பட்டங்களையும் அவனுக்குத் தேடித் தந்தது ஒரே ஒரு பல்! வாயைத் திறந்து பார்த்தவர் ஒருவரேனும் இருந்திருப்பின் அம்மூன்றும் அவனுக்கு வந்திரா.

"பால்பல்தானே! விழுந்து முளைத்துவிடும்" என்றனர் வீட்டார். இச்சொல் வழங்காத வீடு நாட்டில் அரிது. இது பாதி உண்மை. பாதி உண்மையாயிருப்பதே இதன் தீமை. குழந்தைக்குப் பால்பற்கள் 20. ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதற்பல் அரும்புகின்றது. இரண்டரை வயதளவில் எல்லாம் முளைத்துவிடுகின்றன. ஆறு வயதில் அவை விழத் தொடங்குகின்றன. முதற்பல் விழும் நாள் குழந்தைக்குத் திருநாள். அதனைக் கூரையின்மேல் எறிந்துவிட்டுப் புதுப்பல்லை எதிர்நோக்கும் மகிழ்ச்சியை யாரே அறியார்! ஆனால் முன்பற்கள் விழும் வயதில் எல்லாப் பற்களும் விழுவதில்லை. கடைவாயில் உள்ள பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று உழைக்க வேண்டியவை. ஏழு வயதுச் சிறுவனின் கடைவாய்ப் பால்பல் சொத்தையானால், அது விழட்டும் என்று காத்திருப்பது மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு வலியோடு காத்திருப்பதாகும். அன்றியும் அப்பல்லின் வேருக்குக் கீழே நிலைப்பல்லின் கரு வளர்ந்துகொண்டிருக்கின்றது. மேலே சீழ் கட்டுமாயின் கீழே வளரும் கருவுக்கும் ஊறு நேரலாம். பால்பல் உரிய காலத்துக்கு முன் போய்விட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் வரும் நிலைப்பல் வழியின்றிக் கோணலாக முளைக்கும்.

இன்னும் ஒன்று பெற்றோர் பலர் அறியாதது. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்கெல்லாம் பின்னே மேலும் கீழும் இருபுறமும் நான்கு பெரிய பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. அவை நிலைப்பற்கள், வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டியவை. பல் விழாமையால் அவற்றையும் பால்பற்கள் என்றே கருதிவிடுகின்றனர். 'விழுந்துவிடும்' என்று அவற்றையும் புறக்கணிக்கின்றனர். அவை விழுந்தால் பிறகு முளையா.

சொத்தை எவ்வாறு உண்டாகின்றது? பல்லைப் புழு துளைக்கின்றது என்பது பன்னாட்டு மக்களின் பழைய நம்பிக்கை. பழங்காலப் பாபிலோனியரும் அவ்வாறே நம்பினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாயில் பிடித்துப் 'புழு எடுக்கும்' வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1728-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் தாம் எழுதிய பெருநூலில் இப்புழுக் கொள்கையை மறுத்துரைத்தார். பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்கர் 1890-இல் உண்மையை விளக்கிக் காட்டினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உணவில் உள்ள சர்க்கரையையும் மாவையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது. பல்லின் மேலுறையாகிய எனாமல் மனித உடலிலேயே மிகவும் கடினமான பொருள், எலும்பினும் வலியது. ஆனால் எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் உயிரணுக்கள் இல்லாமையால் அதில் குழி விழுந்தால் அது மீண்டும் வளர்வதில்லை.

இயற்கை இதற்கு ஒரு காவலும் வைத்துள்ளது. அதுவே உமிழ்நீர். இனிப்பு உண்ட சிறிது நேரத்தில் பல்லின்மேல் அமிலம் ஊறுகின்றது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் உமிழ்நீர் அதனைத் தணித்து, கரைந்த சுண்ணச் சத்தை ஓரளவு பல்லுக்கு மீட்டுத் தருகின்றது. மீண்டும் இனிப்பு வந்தால் மீண்டும் அமிலம் ஊறும். ஆகவே எவ்வளவு இனிப்பு உண்டான் என்பதைவிட எத்தனை முறை உண்டான் என்பதே பெரிதும் கருதத்தக்கது. மேற்கூறிய சிறுவன் காலையில் பள்ளி வாயிற்கடையில் ஒரு கமர்கட்டு வாங்கி அதக்கிக்கொள்வான், இடைவேளையில் சவ்வு மிட்டாய், மாலையில் தேன்மிட்டாய், இரவில் சர்க்கரையிட்ட பாலைக் குடித்து அப்படியே உறங்கிவிடுவான். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கின்றது. காவலன் உறங்கும் வேளையில் கள்வனுக்குக் கதவு திறந்து விட்டதைப் போன்றது அது.

இதனைச் சுவீடன் நாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியால் உறுதி செய்தனர். அதனைக் கூறுங்கால் நெஞ்சு கூசுகின்றது. லுண்டு நகரத்தருகே விப்பெகோல்ம் என்னும் விடுதியில் மனவளர்ச்சி குன்றியோர் பலர் இருந்தனர். 1940-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஒட்டும் தன்மையுள்ள மிட்டாய்களை உணவு வேளைகளுக்கிடையே கொடுத்து, பற்கள் கெடுவதைக் கணக்கெடுத்தனர். தமக்கு நேர்வது இன்னதென்று அறிந்து இசைய மாட்டாதவர் மீது செய்த அச்செயலை அறம் என எவரும் இன்று கூறார். உணவோடு உண்ட சர்க்கரை சிறிதே கெடுத்தது. இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாய் மிகுதியும் கெடுத்தது. 1954-இல் முடிவுகள் வெளியாயின. பிற்காலத்தில் சுவீடன் நாட்டுப் பெற்றோர் பலர் சனிக்கிழமை ஒருநாள் மட்டும் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அந்நாட்டுக் குழந்தைகள் சனிக்கிழமையை எவ்வளவு ஆவலோடு எதிர்பார்ப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இனிப்பை அறவே மறுக்காமல் அதற்கொரு நாளைக் குறித்த அறிவு பாராட்டத்தக்கது.

சிறுவனின் கன்னம் ஒருநாள் வீங்கியது. அப்பொழுதுதான் தந்தை அவனைத் தோளில் சுமந்து பேருந்தேறி அரசு மருத்துவமனைக்குச் சென்றார். சில மாதங்களுக்கு முன் வந்திருந்தால் குழியைத் துப்புரவு செய்து அடைத்துப் பல்லைக் காத்திருக்கலாம் என்றார் பல் மருத்துவர். இனி அகற்றுவதன்றி வேறு வழியில்லை. பல் அகற்றப்பட்டது, வீக்கமும் மருந்தால் வடிந்தது. அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கே சிறுவன் உறங்கிவிட்டான். அழுகுரல் கேட்டுப் பழகிய பாட்டிக்கு அந்த அமைதி அச்சத்தைத் தந்தது. அவள் இருமுறை விளக்கை ஏற்றிவந்து, பேரனுக்கு மூச்சு வருகின்றதா என்று பார்த்துச் சென்றாள். அவ்வாரமே அவன் கடலை வேண்டும் என்று கேட்டான். முரடன் என்று பெயர் பெற்றவன் சில நாளில் மற்றப் பிள்ளைகளோடு இணங்கி ஆடத் தொடங்கினான்.

இவன் ஒருவன் கதை அன்று. உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது.

தம்பியின் பல்லைக் கெடுத்தவை மிட்டாயும் அறியாமையும் எனலாம். அக்காளின் பல்லைக் கெடுத்தது எது?

அதே வினா பிறிதொரு நாட்டில் முன்பே எழுந்தது. 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குப் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் வந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டு வியந்தார். பன்றி இறைச்சியை மிகுதியாகத் தின்றதால் வந்தது என்றனர் சிலர்; பால் நன்றாயில்லை என்றனர் வேறு சிலர். கறை படிந்தவர்மீதே பழியைச் சுமத்துவது எந்நாட்டிலும் எளிதாக உள்ளது. மெக்கே அவ்வுரைகளை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1923-இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரின் பெற்றோர் அவரை அழைத்தனர். ஐந்து கல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் அமைத்து நீர் கொண்டுவந்த பின்னரே தம் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியது என்று அவர்கள் கூறினர். மருத்துவர் காணாததைப் பெற்றோர் கண் கண்டுவிட்டது! மெக்கே அவ்வூற்று நீரைச் சோதித்தார். ஐயத்துக்குரியதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் அதனை விட்டு வேறு ஊற்றுநீரைப் பருகுமாறு அறிவுரை கூறினார். ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த நிலைப்பற்கள் கறையின்றி வெண்மையாக இருந்தன.

நீரில் இருந்தது இன்னதென்று 1931-இல் சர்ச்சில் என்னும் வேதியியலார் கண்டறிந்தார். (இவர் இங்கிலாந்தின் அமைச்சராயிருந்தவர் அல்லர், அலுமினியத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர்.) அது புளோரைடு என்னும் உப்பு. அதன் இயல்பு வியப்பானது. சிறிதளவில் அது பல்லுக்கு உறுதி தருகின்றது; அளவு கடந்தால் பல்லைக் கெடுக்கின்றது. அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945 முதல் குடிநீரில் அதனை அளவோடு கலந்தனர். குழந்தைகளின் பற்சொத்தை வெகுவாகக் குறைந்தது. ஒரு நாட்டில் நீரில் சேர்க்கும் பொருளை மற்றொரு நாட்டில் நீரிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் மக்கள் பல்லிலும் எலும்பிலும் துன்புறுவதற்கு நீரிலுள்ள மிகையான புளோரைடே காரணம் என்பது 1937-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையால் தெளிவாயிற்று. தருமபுரிப் பகுதியும் கரும்பாறை நிலம். மழை பொய்க்க, கிணறுகள் வற்ற, மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடினர். பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் அப்பாறையிலுள்ள புளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வந்தது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது வரையறை. பல ஊர்களின் நீரில் அவ்வரம்பு கடந்திருந்தது. அந்நீர் பார்வைக்குத் தெளிந்தது. பழி கூற இடந்தராதது.

அச்சிறுமிக்கு எவரும் சொல்லாத உண்மை இதுவே. நிலைப்பற்களின் எனாமல், பற்கள் ஈற்றை விட்டு வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாடையினுள் உருவாகின்றது. ஏறத்தாழ எட்டு வயதுக்குள் அவ்வேலை முடிந்துவிடுகின்றது. அக்காலத்தில் மிகையான புளோரைடைப் பருகினால் எனாமல் செம்மையாக அமையாது. வெளிவந்தபின் கறை ஏறும். பதின்மூன்று வயதில் அவள் எத்துணை தேய்த்தும் போகாத கறைக்கு வித்திட்டது, அவள் கைக்குழந்தையாய்ப் பருகிய நீர். பல் துலக்கக் கற்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டதற்குப் பல் துலக்காதவள் என்ற பழியை அவள் சுமந்தாள்.

மருத்துவர் நெடுங்காலம் பல்லையே பார்த்தனர்; பல்லுக்குரிய பிள்ளையைப் பார்த்திலர். சொத்தை எத்தனை, கறை எவ்வளவு என்று எண்ணுவதே அவர் கணக்கு. கனடா நாட்டு டொரொண்டோ நகரின் அறிஞர் சிலர் 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளையே நேரில் வினவுவதற்கு ஒரு வினாத்தாளை அமைத்து 2002-இல் வெளியிட்டனர். அவ்வினாக்களைப் படிப்போர் சிறிது நேரம் வாளா இருப்பர். பல் வலித்ததா, மெல்ல முடிந்ததா என்பதோடு அது நின்றுவிடவில்லை. கடந்த மூன்று மாதங்களில் பிற பிள்ளைகளின்முன் சிரிப்பதைத் தவிர்த்தாயா, உன்னைக் கேலி செய்தனரா, வகுப்பில் பேசவோ உரக்கப் படிக்கவோ விரும்பாதிருந்தாயா என்றெல்லாம் கேட்கின்றது. 'ஒருபோதும் இல்லை' என்பது முதல் 'ஏறத்தாழ நாள்தோறும்' என்பது வரை ஐந்து விடைகள் உண்டு. பிள்ளை தனக்குப் பொருந்துவதைக் குறிக்க வேண்டும். வலிக்கு அழுகை உண்டு, கேட்டவர் ஓடிவருவர். நாணத்துக்கு அழுகையும் இல்லை. கேட்டாலன்றி அது வெளிவராது. அவ்வினாவை எட்டாம் வகுப்பில் கேட்டிருந்தால் அச்சிறுமி எவ்விடையைக் குறித்திருப்பாள் என்பதை அவளுடைய ஆசிரியர் அறிந்திருக்க நியாயமில்லை. அவர் அவளுடைய வாசிப்புக்கு மதிப்பெண் இட்டார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு பணிகள் நடந்து, 2013-இல் காவிரி நீர் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களுக்கு வழங்கப்பெற்றது. குழாயில் முதல்நாள் வந்த நீரைக் குடித்துப் பார்த்து, ஆழ்துளை நீரின் சுவை இதில் இல்லை என்று குறை கூறிய முதியோரும் இருந்திருப்பர்!

அவ்வீட்டில் அவ்வாண்டு ஒரு கடைக்குட்டி பிறந்தாள். அவளுக்கு ஏழு வயது நிரம்பும் வேளையில் முன்பற்கள் இரண்டு விழுந்து, அவ்விடத்தில் புதுப்பற்கள் அரும்பி வளர்ந்தன. தாய் அவளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, வெயிலில் முகத்தை நிமிர்த்தி, உதட்டை விலக்கிப் பார்த்தாள். இரண்டு பற்களும் முற்றிய பலாக்கொட்டையின் நிறத்தில் இளமஞ்சள் கலந்து வெண்மையாக இருந்தன. கறை இல்லை. குழந்தை ஒன்றும் புரியாமல், வாயை இன்னும் அகலத் திறந்து, தெருவில் போவோர் வருவோர்க்கெல்லாம் தன் பற்களைக் காட்டிக்கொண்டு ஓடினாள்.

மூத்தவள் திண்ணையில் இருந்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது கடந்திருந்தது. மருத்துவர் அவளுடைய முன்பற்களின் கறையை வெண்ணிறப் பூச்சினால் மூடிவிட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கறை வெளியே தெரிவதில்லை. தங்கையின் ஆட்டத்தைக் கண்டு அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுடைய இடக்கை எழுந்து உதட்டின்மேல் வந்து அமர்ந்தது.